பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கிராவ் மகா: வீட்டிலிருந்தே தற்காப்பு பயில ஒரு செய்முறை

மும்பை செம்பூரில், கட்டிலும் இரும்பு பீரோவும் தையல் இயந்திரமும் போக எஞ்சியிருந்த இடத்தில்தான் நான் கிராவ் மகா என்னும் இஸ்ரேலியத் தற்காப்பு முறையைப் பயிலத் தொடங்கினேன். பயிற்சி நிலையத்துக்கு லோக்கல் ரயிலில் போய்த் திரும்ப மாலைப் பொழுது முழுவதும் கரைந்துவிடும் என்பதால், காணொளிப் பாடங்களும் அச்சிட்ட ஒரு பாடத்திட்டமுமே எனக்கு ஆசிரியர்களாயின. அவற்றில் விளக்கத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் தவறாகச் செய்யும்போது "முழங்கையை இறக்கு" என்று சொல்ல அவற்றுக்கு வாய் இல்லை. ஆகவே கீழே வரும் படிகள் பெரும்பாலும் அந்தத் திருத்தும் கண்ணுக்கு ஈடாக வீட்டில் எதை வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றியவையே.

இந்த முறையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. இதை உருவாக்கிய இமி லிக்டன்ஃபெல்ட் 1910இல் புடாபெஸ்ட்டில் பிறந்து பிராட்டிஸ்லாவாவில் வளர்ந்தவர். குத்துச்சண்டையிலும் மல்யுத்தத்திலும் தேர்ந்தவர். 1930களில் யூதர் குடியிருப்புகளைத் தாக்கிய கும்பல்களைத் தெருவில் எதிர்கொண்டபோது, போட்டி மேடையின் விதிகள் தெருவில் உதவாது என்று கண்டார். பின்னர் இஸ்ரேலிய ராணுவத்தில் பயிற்சியாளராகப் பணியாற்றி, 1964இல் ஓய்வுபெற்ற பிறகு பொதுமக்களுக்கும் கற்பித்தார். பலதரப்பட்ட உடல்வாகு கொண்டவர்களைக் குறுகிய காலத்தில் தயார்படுத்த வேண்டியிருந்ததால், திடுக்கிடும்போது கை தானாக முகத்தை மறைக்க எழும் இயல்பையே அவர் தடுப்புகளுக்கு அடிப்படையாக்கினார். சிலம்பத்தில் சுவடு எனப்படும் காலடி வைப்பைப் பழகவே மாதங்கள் ஆகும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த எனக்கு, இந்த எளிமை தனியே பயில்வதற்கு ஏற்றதாகப் பட்டது.

முதல் படி: ஒரே ஒரு பாடத்தொகுப்பு

இணையத்தில் கிடைப்பவை எல்லாவற்றையும் சேமித்து வைப்பது பயிற்சி ஆகாது. பல கிராவ் மகா அமைப்புகள் தரநிலைகளை, பயில்பவர்களுக்கு பி 1, பி 2 என்று பி 5 வரையிலும், அதற்கு மேல் தேர்ந்தவர்களுக்கு ஜி, வல்லுநர்களுக்கு ஈ என்றும் வகுத்துள்ளன. வேறு சில மஞ்சள் பட்டையில் தொடங்குகின்றன. தொடக்கநிலைக்கு மட்டுமான, வரிசை தவறாத ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். தேர்வுக்கு நான் வைத்திருக்கும் சோதனை இது: செய்துகாட்டுபவரின் பாதங்கள் திரையில் தெரிகின்றனவா, தாக்குபவராக நடிப்பவர் முதல் அடிக்குப் பிறகும் இழுத்தும் தள்ளியும் எதிர்க்கிறாரா, ஒவ்வோர் உத்தியின் முடிவிலும் விலகி ஓடும் வழி காட்டப்படுகிறதா? முதல் பாடத்திலேயே கத்தியைப் பிடுங்கக் கற்றுத்தரும் தொகுப்பையும், வர்மப் புள்ளிகளைப் படம் போட்டு விளக்கும் தொகுப்பையும் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். கத்தி வந்தால் ஓடுவதற்கே முதலிடம்.

இரண்டாம் படி: பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

ஒரு பாடத்தை மூன்று முறை பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். முதல் முறை பாதங்களை மட்டும், இரண்டாம் முறை இடுப்பை மட்டும், மூன்றாம் முறையில்தான் கைகளை. கண் இயல்பாகக் கையின் மீதே விழுவதால், காலும் இடுப்பும் செய்யும் வேலையைப் பெரும்பாலோர் தவறவிட்டு, தோளால் மட்டுமே அடிக்கப் பழகிவிடுகிறார்கள். யூடியூபில் வேகத்தை 0.5 ஆகக் குறைத்தால், பின்னங்கால் குதிகால் எந்தக் கணத்தில் திரும்புகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

இடம் வலம் குழம்புவது மற்றொரு தொல்லை. நம்மை நோக்கி நிற்கும் பயிற்றுநரின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரிகிறது. அதை அப்படியே கண்ணாடி போலப் பின்பற்றி, மூன்று வாரம் இடது கைக்காரியாகவே பயின்றேன். பயிற்றுநரை முதுகுப்புறமிருந்து காட்டும் காட்சி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையெனில், அவருடைய பின்னங்கால் எது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: இடமும் உடலும்

கை நீட்டிச் சுற்றினால் எதிலும் படாத ஒரு வட்டம் போதும். பீரோவின் கைப்பிடி என் மணிக்கட்டில் பதித்த தழும்பு இன்னும் இருப்பதால், கூர்முனைகள் மீது பழைய போர்வையைப் போர்த்திவிட்டுத்தான் இப்போது தொடங்குகிறேன். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து கேட்ட பிறகு குதிக்கும் பயிற்சிகளை விட்டுவிட்டு, தடித்த நுரைப்பாய் விரித்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்கி, பதினைந்து நிமிடம் பயில்வது, வாரத்துக்கு நான்கு நாள். அதற்கு மேல் ஆசைப்படத் தேவையில்லை. மூட்டுவலியோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

நான்காம் படி: மூன்றே உத்திகள்

தேர்வுகள் கூடக்கூட மூளை முடிவெடுக்க எடுக்கும் நேரமும் கூடும் என்பதை உளவியலாளர் ஹிக் 1952இல் அளந்து காட்டினார். எனவே முதல் இரண்டு மாதத்துக்கு நிலை, உள்ளங்கை அடி, வெளித்தடுப்பு ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிலைக்கு: கால்களைத் தோளகலம் வைத்து, பலமான கையின் பக்கத்துக் காலைப் பின்னால் வைத்து, அதன் குதிகாலைச் சற்றே உயர்த்துங்கள். கைகள் கன்ன உயரத்தில், விரித்த உள்ளங்கைகள் வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். காண்போருக்கு அது "வேண்டாம், விலகிப் போ" என்பதாகவே தெரியும். நமக்கோ அது தயார்நிலை.

உள்ளங்கை அடிக்கு: பின்னங்காலைத் தரையில் ஊன்றித் திருக, இடுப்பு சுழன்று, தோள் நீண்டு, மணிக்கட்டுக்கு அருகிலுள்ள உள்ளங்கையின் அடிப்பகுதி எதிராளியின் மூக்கிலோ தாடையிலோ படுமாறு அடித்து, போன வழியிலேயே கையைத் திரும்ப இழுக்க வேண்டும். மடக்கிய கைமுட்டியால் தலையின் கடினமான எலும்பில் குத்தினால், சுண்டுவிரலுக்கு நேர்கீழே உள்ள கை எலும்பு முறிவது வழக்கமான காயம். பழகாதவர்களுக்கு உள்ளங்கையே பாதுகாப்பானது. பழைய தலையணையை அரிசிச் சாக்கில் திணித்து, ஜன்னல் கம்பியில் கட்டினால் இலக்கு தயார். அடிக்கும்போதெல்லாம் மூச்சை வெளியே விடுங்கள்.

வெளித்தடுப்பு என்பது பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் வளைந்து வரும் அடிகளுக்கானது. முழங்கையை ஏறக்குறைய 90 பாகையில் மடக்கி, நம் முன்கையின் எலும்பு விளிம்பால் எதிராளியின் முன்கையைச் சந்திக்க வேண்டும். அதே நொடியில் மறுகை அடிக்க வேண்டும் என்பதே கிராவ் மகாவின் உயிர்நாடி. ஆயினும் தடுப்பு மட்டும் பழகிய பிறகே அடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: திருத்தும் கண்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். செல்பேசியை இடுப்பு உயரத்தில் ஒரு சம்படத்தின் மீது சாய்த்து வைத்து, முன்புறமிருந்து பத்து அடிகளும் பக்கவாட்டிலிருந்து பத்து அடிகளும் பதிவு செய்யுங்கள். பிறகு பாடக் காணொளியையும் உங்கள் பதிவையும் ஒரே வேகத்தில் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். முதல் பதிவைக் கண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது: அடித்த கை கன்னத்துக்குத் திரும்பாமல் இடுப்புக்கு இறங்கியது, முகம் முழுக்கத் திறந்து கிடந்தது, அடிக்கும் முன் தோள் தூக்கி வரவிருக்கும் அடியை முன்கூட்டியே அறிவித்தது. மூன்றையும் ஒருங்கே திருத்த முயன்று எதுவும் திருந்தவில்லை. இப்போது ஒரு குறிப்பேட்டில் வாரத்துக்கு ஒரே ஒரு தவறை எழுதி, அந்த வாரம் அதை மட்டுமே கவனிக்கிறேன். கை தாழும் தவறுக்கு மருந்து எளிது. தாடைக்கும் தோளுக்கும் இடையில் ஒரு கைக்குட்டையை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் கை கன்னத்தைத் தொட்டுத் திரும்பும்வரை மெதுவாகப் பயிலலாம்.

ஆறாம் படி: இன்னோர் உடல்

தனியே எவ்வளவு பயின்றாலும் தொலைவும் நேரமும் பிடிபடாது. அதற்கு மற்றோர் ஆள் வேண்டும். என் தம்பி முதல் நாள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டு, "அக்கா, உங்க வீடியோவில வர்ற ஆளு மாதிரி நான் விடமாட்டேன்" என்றான். இரண்டு வாரம் படித்தது முழுவதும் அங்கே உதிர்ந்தது. கட்டைவிரல் இருக்கும் பக்கமே பிடியின் பலவீனமான இடம், அந்த இடைவெளி நோக்கி முழு உடலையும் திருப்ப வேண்டும் என்று பாடத்தில் பத்து முறை கேட்டிருந்தும், அவன் இழுத்தபோதுதான் அதன் பொருள் கைக்குத் தெரிந்தது.

தொடங்குமுன் விதிகளைப் பேசிக்கொள்ளுங்கள். இருமுறை தட்டினால் அக்கணமே விட்டுவிட வேண்டும். முதலில் கால்பங்கு வேகம், எதிர்ப்பே இல்லாமல். பிறகு சிறிது சிறிதாக எதிர்ப்பு. கண், தொண்டை, அடிவயிறு ஆகியவற்றைத் தொடாமல் சுட்டிக்காட்டுவதோடு சரி. கழுத்தைப் பிடிக்கும் பாடங்களில் கைகளைத் தோள்பட்டை எலும்பின் மீது வைத்தே பயிலுங்கள்; கழுத்தின் இருபுறமும் அழுத்தினால் சில நொடிகளிலேயே நினைவு தப்பும் என்பதால் அதை வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள்.

ஏழாம் படி: வெளியே போகும் உடையில்

மும்பைவாசிகள் கூட்டமான ரயிலில் பையை முன்புறம் மாட்டிக்கொள்வது வழக்கம். பயிற்சி உடையில் அழகாக வந்த அடி, அந்தப் பையோடும் துப்பட்டாவோடும் செருப்போடும் வரவில்லை. வாரத்தில் ஒரு நாள் அலுவலகம் செல்லும் உடையிலேயே, முதுகைச் சுவரோடு ஒட்டி, பின்வாங்க இடமில்லாத நிலையிலிருந்து பயிலுங்கள். குரலும் பயிற்சியின் பகுதியே. "தள்ளிப் போ" என்பதைத் தமிழிலும், "தூர் ஹட்டோ" என்பதை இந்தியிலும் அடிவயிற்றிலிருந்து உரக்கச் சொல்லிப் பழகுங்கள். அவசர உதவிக்கு 112, ரயிலில் 139 ஆகிய எண்களைப் பூட்டிய செல்பேசியிலிருந்து எப்படி அழைப்பது என்பதையும் ஒரு முறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது என்கிறது 37ஆம் பிரிவு. விழுந்துவிட்டவரை மீண்டும் உதைப்பதாக முடியும் காணொளிகளை நான் பின்பற்றாததற்கு இது ஒரு காரணம்.

எட்டாம் படி: ஒரு நாள் நேரில்

மூன்று மாதம் கழிந்ததும், தகுதிபெற்ற ஒரு பயிற்றுநரிடம் ஒரே ஒரு வகுப்புக்காவது போய்வாருங்கள். குறிப்பேட்டையும், முதல் வாரப் பதிவையும், கடைசி வாரப் பதிவையும் கொண்டுபோனால் நேரம் வீணாகாது. என்னைச் சோதித்த பயிற்றுநர் கைகளைப் பார்க்கவே இல்லை. இரண்டு முறை தோளில் மெல்லத் தள்ளிவிட்டு, என் பின்னங்கால் முன்னங்காலுக்கு நேர்பின்னால், ஒரே கோட்டில் நிற்பதைச் சுட்டிக்காட்டினார். என் பதிவுகளைப் பார்த்தும் அந்தத் தவறு மூன்று மாதமும் எனக்குப் புலப்படவில்லை. வீட்டுக்கு வந்ததும் தரையில் சாக்பீஸால் தோளகலத்துக்கு இரண்டு இணைகோடுகள் போட்டேன். இப்போது ஒவ்வொரு காலும் அதனதன் கோட்டில் நிற்கிறது.