லண்டனிலிருந்து நியூயோர்க்: ஒரு நூலும் கொஞ்சம் மனக்கணக்கும்

மகள் நியூ ஜெர்சியில், நான் லண்டன் ஹரோவில். வருசத்தில் ஒரு தடவையாவது அத்லாந்திக்கைத் தாண்டுவேன். தூரத்தையும் நேரத்தையும் ஃபோனே சொல்லிவிடும்தான். ஆனால் பூகோளம் படிப்பித்த கை சும்மா இருக்காது.

வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் எடுங்கள். என்னுடையது 30 சென்ரிமீற்றர் விட்டம், பிறேசில் முழுக்கப் பேத்தியின் பேனாக் கிறுக்கல். தையல் நூலின் ஒரு நுனியை லண்டனில் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, மற்ற நுனியை நியூயோர்க் வரை இறுக்கி இழுங்கள். தொய்வு இருக்கக் கூடாது. நூல் அயர்லாந்துக்கு மேலால் போய், நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் கரையேறி, பிறகு தெற்கே சரியும். சுவரில் தொங்கும் வரைபடத்தில் சுற்றுவழி மாதிரித் தெரிகிற இதுதான் உண்மையில் குறுக்குவழி.

நூலை அடிமட்டத்தில் வைத்தால் 13 சென்ரிமீற்றர் சொச்சம். உருண்டையின் சுற்றளவு 94 சென்ரிமீற்றர், பூமியினுடையது ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். ஆக ஒரு சென்ரிமீற்றர் என்றால் சுமார் 425 கிலோமீற்றர். பெருக்கிப் பாருங்கள், 5,500 தாண்டும். உண்மைத் தூரம் ஏறக்குறைய 5,550. தையல் நூலுக்கு இது மோசமில்லை!

அப்புறம் நேரம். ஜெற் விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் போகும் என்று வகுத்தால் ஆறு மணித்தியாலம் சொச்சம் வரும். அதை நம்பாதீர்கள். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகக்காற்று ஒன்று ஓடுகிறது, மாரியில் இன்னும் பலமாக. போகும்போது எதிர்க்காற்று: 100 கழியுங்கள். திரும்பும்போது பின்காற்று: 100 கூட்டுங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, ஏற, இறங்க என்று ஒரு மணித்தியாலத்தைச் சேர்த்தால் போக எட்டு, வர ஏழுக்குக் கொஞ்சம் குறைய. 2020 பெப்ரவரியில், புயல் நேரம், பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஜம்போ ஒன்று நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டது. காற்றின் கைங்கரியம்.

மணிக்கூட்டு வித்தியாசம் ஐந்து மணித்தியாலம். லண்டனில் காலை 11க்கு ஏறினால் நியூயோர்க்கில் பகல் 2க்கு இறங்கலாம். அங்கே இரவு 9க்கு ஏறினால் இங்கே மறுநாள் காலை 9 ஆகிவிடும், நித்திரை வந்தாலும் வராவிட்டாலும்.

நான் வழுக்கினது மார்ச்சில். அமெரிக்கா மணிக்கூட்டை மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்தள்ளும், பிரித்தானியா கடைசி ஞாயிறுதான். இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் நாலுதான். ரிக்கெற்றில் அந்தந்த ஊர் நேரம் சரியாகத்தான் போட்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் மனக்கணக்கில் "2 மணிக்கு வாங்கோ" என்றுவிட்டேன். விமானம் இறங்கியது 3க்கு. குடிவரவு வரிசை இன்னும் ஒன்றரை மணித்தியாலம். மருமகன் ஒரு வார்த்தை பேசவில்லை, கார் நிறுத்தின ரசீதை மட்டும் முன்கண்ணாடியில் செருகி வைத்திருந்தார்.

இப்போதெல்லாம் தரையிறங்கி மெசேஜ் போட்ட பிறகுதான் அவர் வீட்டிலிருந்து வெளிக்கிடுவார்.