ஈ-கேட்ஹெரின் எதிர்ப்பொருள்: பிடிக்கும் இடத்தைப் பாராமல் செய்யும் தவறுகள்

உறுப்புகளின் மேற்பரப்பைப் போர்த்தும் எபிதீலியல் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் புரதம் ஈ-கேட்ஹெரின். அதைக் கண்டறிய வாங்கிய எதிர்ப்பொருளின் (புரதத்தின் குறிப்பிட்ட பகுதியைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி) குப்பியில் புரதத்தின் பெயர் இருக்கிறது என்பதற்காகவே, அது எல்லாச் சோதனைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. இந்தப் புரதத்தின் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே ஐந்து களங்களாக (தனித்தனியாக மடிந்த பகுதிகளாக) நீண்டிருக்க, சவ்வைக் கடந்து உள்ளே செல்லும் சிறுபகுதி பீட்டா-கேட்டெனின் என்ற புரதத்தோடு இணைகிறது. எதிர்ப்பொருள் இவற்றில் எதைப் பிடிக்கிறது என்பதைத் தரவுத்தாளில் பார்த்த பிறகே சோதனையைத் திட்டமிட வேண்டும்.

இதன் விளைவு செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும்போதே தெரிந்துவிடும். கால்சியம் இருக்கும்வரை வெளிக்களங்கள் விறைப்பாக நிற்பதால் புரதங்களை வெட்டும் நொதியான ட்ரிப்சின் அவற்றை எளிதில் வெட்டுவதில்லை; கால்சியத்தை நீக்கிவிட்டால் வெட்டிவிடும். மசதோஷி டகெய்ச்சி 1977-இல் வெளியிட்ட ஆய்வே இந்தக் கால்சியப் பாதுகாப்பைக் காட்டியது. ஆனாலும் இன்றுவரை பலர் வழக்கம்போல ட்ரிப்சினும் கால்சியத்தை அகற்றும் இடிடிஏவும் சேர்ந்த கலவையால் செல்களைப் பிரித்து, வெளிப்பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்து செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்துவிட்டு, செல்கள் ஈ-கேட்ஹெரினை இழந்துவிட்டன என்று முடிவெழுதுகிறார்கள். இழந்தது செல் அல்ல, வெட்டியது நொதி. ட்ரிப்சினைத் தவிர்த்து இடிடிஏவால் மட்டும் பிரித்து, எதிர்ப்பொருள் சேர்க்கும் கரைசலில் கால்சியத்தைத் திரும்பச் சேர்ப்பது நல்லது. சில எதிர்ப்பொருள்கள் கால்சியம் பிணைந்த வடிவத்தை மட்டுமே அடையாளம் காண்கின்றன.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் முதிர்ந்த புரதம் 120 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகிலும், முதிராத வடிவம் 135 அருகிலும் தெரியும். வெளிப்பகுதி வெட்டுப்பட்டால் ஏறத்தாழ 80 கிலோடால்டன் துண்டு வளர்ப்பு ஊடகத்தில் கலந்துவிட, 38 அளவிலான துண்டு செல்லோடு தங்கும். எனவே உள்பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை வைத்துக்கொண்டு ஊடகத்தில் 80-ஐத் தேடுவது வீண். அதைவிட மோசமானது, 120-க்குக் கீழே தெரியும் பட்டைகளையெல்லாம் பின்னணி என்று கருதிப் படத்திலிருந்து வெட்டிவிடுவது. அந்தச் செல்களில் நடந்ததைச் சொல்லும் தகவல் அந்தப் பட்டையிலேயே இருந்திருக்கலாம்.

ஒளிர்சாயப் படங்களில், உள்பகுதி எதிர்ப்பொருளுக்கு டிரைட்டான் போன்ற சோப்புப்பொருள்களால் சவ்வைத் துளையிட்டாக வேண்டும். செல்களை நிலைப்படுத்துவதற்கு முன் கால்சியம் இல்லாத கரைசலில் நெடுநேரம் கழுவினால் இணைப்புகள் விலகத் தொடங்கிவிடும். செல்கள் அடர்ந்து ஒன்றையொன்று தொடாத தட்டில் எல்லைக்கோடுகள் தெரியவில்லை என்று எதிர்ப்பொருளைக் குறைசொல்வதும் நியாயமில்லை.

கட்டுப்பாட்டு மாதிரி (விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டுச் செல்கள்) இல்லாத படத்தை நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஈ-கேட்ஹெரினை நன்றாக வெளிப்படுத்தும் எம்சிஎஃப்-7 செல்களையும், அதை வெளிப்படுத்தாத எம்டிஏ-எம்பி-231 செல்களையும் அருகருகே வைத்தால் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும். கேட்ஹெரின் குடும்பத்துக்கே பொதுவான உள்முனையைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இது கட்டாயம், ஏனெனில் அதே குடும்பத்தைச் சேர்ந்த என்-கேட்ஹெரினும் ஏறக்குறைய அதே எடையில் ஓடுவதால் பட்டையின் இடத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. செல்கள் எபிதீலியல் இயல்பிலிருந்து மீசன்கைமல் (பிணைப்பு தளர்ந்து நகரும்) இயல்புக்கு மாறுவதை ஆராய்பவர் ஈ-கேட்ஹெரின் குறைந்து என்-கேட்ஹெரின் கூடுவதைத்தான் தேடுகிறார். பொது எதிர்ப்பொருளோ இரண்டையும் ஒரே பட்டையாகக் காட்டிவிடும்.

எதிர்ப்பொருளின் பராமரிப்பைப் பொறுத்தவரை, மீண்டும் மீண்டும் உறையவைத்து உருக்காமல் சிறு அளவுகளாகப் பிரித்து வைப்பதும், பட்டைகளைத் தெரியவைக்கப் பயன்படும் எச்ஆர்பி நொதியின் செயலைத் தடுக்கும் சோடியம் அசைடை அந்த நொதி கலந்த கரைசல்களில் சேர்க்காமல் இருப்பதும் போதுமானவை. உயிருள்ள செல்களில் பயன்படுத்துவோர் மட்டும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: டெக்மா-1 போன்ற சில எதிர்ப்பொருள்கள் ஈ-கேட்ஹெரினின் பிணைப்பையே தடுப்பவை என்பதால், இணைப்பைப் பார்ப்பதற்காகச் சேர்த்ததே அந்த இணைப்பைக் குலைத்துவிடும்.