அலுவலகத்துக்கு ஒரு தூக்குப் புளியோதரை

அலுவலகத்தில் எட்டுப் பேர் சேர்ந்து சாப்பிட வீட்டிலிருந்து ஏதேனும் கொண்டுபோக நினைப்பவர், காலை எட்டு மணிக்கு மூடிய பாத்திரத்தை மதியம் ஒரு மணிக்குத் திறக்கும்போது சோறு எந்த நிலையில் இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்துப் பதார்த்தத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மே மாதத்தில் தேங்காய் சாதத்தை வண்டிப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிட்டேன். மதியம் மூடியைத் திறந்தபோது எழுந்த வாடையில் பக்கத்து மேசைக்காரரும் எழுந்து போனார். அதன் பிறகு நான் கொண்டுபோவது பெரும்பாலும் புளியோதரைதான். புளியின் அமிலம் கிருமிகள் எளிதில் பெருக விடாது என்பதால்தான் பயணத்துக்குக் கட்டுச்சோறாக அதைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

எல்லோரிடமும் அவரவர் டப்பா இருக்கும் என்பதால், ஆளுக்கு அறுபது கிராம் அரிசி என்று வைத்து அரைக் கிலோ போட்டால் போதும். முதல் நாள் இரவே புளிக்காய்ச்சலைச் செய்துவிடலாம்: கெட்டியாகக் கரைத்த புளியை, நல்லெண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கும் வரை கொதிக்கவிட்டு இறக்கிய பிறகு, வறுத்துப் பொடித்த தனியா, வெந்தயம், எள்ளைத் தூவ வேண்டும். சோற்றை மட்டும் காலையில்தான் வடிக்க வேண்டும். இரவு வடித்து வெளியே வைத்த சோற்றில் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. உதிரியாக வடித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆற்றி, பருக்கை உடையாமல் கிளறிக் கலந்தால், அலுவலகம் போய்ச் சேருவதற்குள் காய்ச்சல் சோற்றில் நன்றாக ஊறிவிடும்.

வறுத்த வேர்க்கடலையைத் தனி டப்பாவில் கொண்டுபோவது நல்லது. அது நமுத்துப் போகாது, கடலை ஒவ்வாதவர்களும் அச்சமின்றிச் சாப்பிடலாம். கோதுமை ஒவ்வாதவர் யாரேனும் இருந்தால் பெருங்காய டப்பாவின் மேலுறையையும் படித்துப் பாருங்கள், ஏனெனில் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும்.

பரிமாறுவதில்தான் பலர் தவறுகிறார்கள். யாரும் சாப்பிட ஆரம்பிக்கும் முன்பே, தனிக் கரண்டியால் அனைவருக்கும் எடுத்து வைத்துவிட வேண்டும். ஒருவர் தம் தட்டில் கருவாட்டுக் குழம்பைக் கிளறிய கரண்டியைத் தூக்குக்குள் விட்டுவிட்டால், புரட்டாசி விரதத்தில் இருப்பவர் அதை வெளியே சொல்லமாட்டார். "இன்னைக்கு வயிறு சரியில்லைங்க" என்று சிரித்தபடி நகர்ந்துவிடுவார். எச்சில் பார்ப்பவர்களும் அப்படித்தான். வேண்டாம் என்றவரை இரண்டாம் முறை வற்புறுத்தாதீர்கள்.

வாசலில் நிற்கும் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் கொடுப்பதானால், எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதை வழித்துக் கொடுக்காமல், தூக்கைத் திறந்தவுடனேயே அவர்கள் பங்கை வாழை இலையில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள். அதற்கேற்ப அரைக் கிலோவை முக்கால் கிலோவாக்கிக் கொள்ளலாம்.