மேடும் பள்ளமுமான பனித்தடத்தில் முதல் நாள்

நார்வேயின் ஆஸ்லோவில் மெட்ரோவின் 1ஆம் தடத்தில் ஏறினால் கடைசி நிறுத்தம் ஃப்ரொக்னர்செட்டரன். இறங்கியதும் எதிரே நூர்மார்கா காடு. அங்கிருந்து உல்லவோல்செட்டர் என்ற காட்டு உணவு விடுதி வழியாக சொங்ஸ்வான் ஏரிக்கு இறங்கும் வழியில்தான் என் முதல் கிராஸ்-கன்ட்ரி ஸ்கீ பயணம்; அதாவது கால்களில் நீளப் பலகைகளை (ஸ்கீ) மாட்டி, கையில் கம்புகளோடு பனிமேல் சறுக்கிப் போவது. சறுக்கத் தெரியாத நாட்களில் நடுவில் ஏறும் மேடு பயமில்லை, இறக்கம்தான் பயம்.

மேட்டுக்கு ஒரே வழி: ஸ்கீ நுனிகளை அகட்டி, குதிகால் பக்கத்தைச் சேர்த்து, உள்விளிம்பைப் பனியில் அழுத்தி வாத்து போல ஏறுங்கள். கம்புகளைப் பின்னால் ஊன்றுங்கள். அவசரம் வேண்டாம்.

இறக்கத்தில் இதற்கு நேர்மாறு. நுனிகள் நெருங்க, பின்பக்கம் விரிய, முழங்காலை மடக்கி உள்விளிம்பால் பனியைச் சுரண்டுங்கள். வேகம் பிடிப்பதற்கு முன்பே தடத்தை, அதாவது ஸ்கீக்காகப் பனியில் போட்ட இரட்டைப் பள்ளத்தை, விட்டு வெளியே வந்துவிட வேண்டும். தடத்துக்குள் கால் மாட்டிக்கொண்டால் விரிக்க முடியாது. இதை நான் மூன்று முறை விழுந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். இந்த ஸ்கீயில் குதிகால் கட்டப்பட்டிருக்காது, அதனால் முன்னால் சாய்ந்தால் முகம்தான் முதலில் போகும். விழுவது உறுதி என்று தெரிந்தால், உட்காருவது போலப் பக்கவாட்டில் சாயுங்கள். அப்புறம் உடனே ஓரத்துக்கு நகருங்கள்; மேலிருந்து ஒரு குழந்தை அம்பு போல வரும்.

வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லையா? ஸ்கீயைக் கழற்றி, தடத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து இறங்குங்கள். உல்லவோல்செட்டரில் வாஃபிள் கிடைக்கும். உடம்பு சூடு ஆறுவதற்குள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.