பால் விடாத பிஸ்கட்டில் பால் எங்கே ஒளிந்திருக்கிறது?

அக்கா மகனுக்குப் பால் ஒவ்வாமை என்று தெரிந்த புதிதில், ஒரு டப்பா நிறைய பிஸ்கட் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். "ஒரு சொட்டுப் பால்கூட விடலை அக்கா" என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "நெய் போட்டியா?" என்றாள். போட்டிருந்தேன், அரைக் கிண்ணம். டப்பா வந்த வழியே என்னோடு வீடு திரும்பியது.

பால் இல்லாமல் பிஸ்கட் செய்யக் கிளம்பும் பலரும் முதலில் வழுக்கி விழுவது இங்கேதான். பிஸ்கட்டில் பால் என்று தனியாக ஊற்றுவது மாவைச் சேர்த்துப் பிடிக்கிற ஓரிரண்டு ஸ்பூன்தான். அதை எடுத்துவிடுவதில் சிரமமே இல்லை. மீதிப் பால் முழுக்க வெண்ணெயாகவும் நெய்யாகவும் பால் பவுடராகவும் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

யாருக்காகச் செய்கிறோம் என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காதவர்கள் ஒரு வகை. நெய்யில் அந்தச் சர்க்கரை அநேகமாக இருக்காது என்பதால், அவர்களில் பலருக்கு நெய் ஒத்துக்கொள்ளும். ஒவ்வாமை வேறு விஷயம். அது கேசின், வே போன்ற பால் புரதங்களால் வருவது. நெய்யிலும் துளியளவு புரதம் தங்கியிருக்கலாம், சிலருக்கு அந்தத் துளியே போதும். ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் நெய்யைத் தொடாதீர்கள். நேற்று வெண்ணெய் பிஸ்கட் சுட்ட தட்டையும் கரண்டியையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்து, கடையில் வாங்கும் பொருட்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். அது சைவம் என்பதற்கான அடையாளம். நம் ஊர் சைவத்தில் பாலுக்குத் தடை கிடையாது. வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெயில் செய்து விற்கும் மார்கரின் சிலவற்றில் பால் திடப்பொருள் சேர்த்திருப்பார்கள். டார்க் சாக்லேட்டிலும் அது இருக்கலாம். காபிக்குப் போடும் 'நான்-டெய்ரி' பவுடர் பலவற்றில் பாலிலிருந்து எடுத்த கேசினேட் இருக்கிறது, பெயரை நம்பி ஏமாறக் கூடாது. பால் ஒவ்வாமை தரும் பொருள் என்பதால் அதைப் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. பொடி எழுத்தாக இருந்தாலும் பொருள் பட்டியலுக்குக் கீழே தேடிப் படித்துவிடுங்கள்.

சரி, வெண்ணெயை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் என்ன போடுவது? நூறு கிராம் வெண்ணெய்க்கு நூறு கிராம் எண்ணெய் என்று அளந்து ஊற்றினால் பிஸ்கட் தட்டில் பரவி, தொட்ட விரலெல்லாம் எண்ணெயாகும். கடை வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பு. எண்ணெயோ முழுக்கக் கொழுப்பு. அதனால் 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் போதும். மாவு சேரவில்லை என்றால் மட்டும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். உப்பையும் மறந்துவிடாதீர்கள். உப்பு வெண்ணெய் போட்டுப் பழகிய கை தனியாக உப்பு போடாது. எண்ணெய் பிஸ்கட்டில் ஒரு சிட்டிகை உப்பு விழாவிட்டால் இனிப்பு மட்டும் நாக்கில் நிற்கும், சுவை என்று ஒன்று இருக்காது.

எந்த எண்ணெய் என்று கேட்டால் நான் தேங்காய் எண்ணெயைத்தான் சொல்வேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைத் துகள்கள் கெட்டியான கொழுப்புக்குள் காற்றைப் புகுத்துகின்றன. பிஸ்கட் பொலபொலவென்று உதிர்வதில் பாதி அந்தக் காற்றின் வேலை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகிவிடும். சென்னையில் ஏப்ரல் மாதத்தில் பாட்டிலைத் திறந்தால் தண்ணீராக ஊற்றும். அதை எவ்வளவு நேரம் அடித்தாலும் காற்று நிற்காது. ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற பதத்தில் எடுத்து அடிக்க வேண்டும். கல்லாக உறைந்துவிட்டால் ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டின் வாசனையும் எல்லாவற்றையும் மீறி நிற்கும். எள் பிஸ்கட் செய்தால் ஒழிய நல்லெண்ணெய் வேண்டாம்.

பாலுக்குப் பதில் வேறொரு பாலைத் தேடிப் போவதுதான் எனக்குப் புரியாத விஷயம். தேங்காய்ப் பால், பாதாம் பால் என்று அரை டம்ளர் ஊற்றிவிட்டு, "பிஸ்கட் கேக் மாதிரி மெத்தென்று வந்துவிட்டது" என்பார்கள். வரத்தான் செய்யும். பிஸ்கட் மொறுமொறுப்பாக வர உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வேண்டும், நாம் இன்னும் ஈரத்தை ஏற்றுகிறோம். மைதாவோ கோதுமை மாவோ தண்ணீர் பட்டு, கையால் பிசைபட்டால் அதில் குளூட்டன் என்ற புரதம் இழுவை பிடிக்கும். சப்பாத்திக்கு அது வேண்டும், பிஸ்கட்டுக்கு அதுதான் எதிரி. உருண்டை பிடித்தால் உடையாமல் நிற்கிறதா? அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

நான் வழக்கமாகப் போடும் கணக்கு இது: மைதா 120 கிராம், கடலை மாவு 30, பொடித்த சர்க்கரை 60, தேங்காய் எண்ணெய் 80, பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், உப்பு, ஏலக்காய். கடலை மாவு எதற்கு என்றால் நிறத்துக்கு. பாலில் உள்ள புரதமும் லாக்டோஸும் சூட்டில் சேர்ந்து பிஸ்கட்டின் பொன்னிறத்தையும் அந்த வறுத்த வாசனையையும் கூட்டுகின்றன. பால் இல்லாத பிஸ்கட் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் மேலே வெள்ளையாக இருக்கும்போதே அடியில் கருகிவிடும். கடலை மாவின் புரதம் அந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டுகிறது. பச்சை வாடை அடிக்கும் என்று பயந்தால் லேசாக வறுத்து, ஆறவைத்துச் சேருங்கள். வெந்ததா என்று பார்க்க மேல்பக்கத்தை விட்டுவிட்டு, ஒரு பிஸ்கட்டைத் திருப்பி அடியைப் பாருங்கள். அடி வெளிர் பழுப்பானால் எடுத்துவிடலாம்.

தயிர் சேர்க்கும் குறிப்பிலிருந்து தயிரை மட்டும் எடுத்துவிட்டு ஆப்ப சோடாவை அப்படியே விடுவது இன்னொரு தவறு. சோடா முழுதாக வேலை செய்யத் தயிரின் புளிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் மிஞ்சிய சோடா சோப்பு மாதிரி கரிக்கும். புளிப்பு ஏற்கெனவே கலந்திருக்கும் பேக்கிங் பவுடருக்கு மாறிவிடுவதே நல்லது.

அடுப்பு விஷயத்தில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஓவனை 160 அல்லது 170 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். குளிர்ந்த ஓவனில் வைத்தால் மாவு வேகும் முன் எண்ணெய் உருகி ஓடிவிடும். உருட்டித் தட்டில் அடுக்கியதை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துச் சுட்டால் அவ்வளவாகப் பரவாது. ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்போ மணலோ பரப்பிச் சுடுகிறார்கள். அப்படிச் செய்தால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றியாக வேண்டும். தண்ணீரில்லாமல் குக்கரைக் காயவைப்பதில் எனக்கு இஷ்டமில்லை. அடி கனமான இரும்பு வாணலியில் ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டுச் சிறுதீயில் சுடுவேன். நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சூடாக எடுக்கும்போது பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையோ என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், ஆற ஆற இறுகும். தேங்காய் எண்ணெய் பிஸ்கட்டைச் சூட்டோடு கையில் எடுத்தால் உடைந்துவிடும், தட்டிலேயே கிடக்கட்டும். முழுதும் ஆறாமல் டப்பாவில் போட்டு மூடினால் ஆவி உள்ளே வேர்த்து, மறுநாள் எல்லாம் நமுத்துப்போகும். எவர்சில்வர் டப்பாவில் இறுக்கமாக மூடினால் பத்து நாள் வரை மொறுமொறுப்பு குறையாது. அப்புறம் திறந்ததும் எண்ணெய் காறல் வாடை அடிக்கிறதா என்று ஒருமுறை மோந்து பாருங்கள்.

இரண்டாவது முறை அக்கா வீட்டுக்குப் போனபோதும் அக்கா மோந்துதான் பார்த்தாள். தேங்காய் வாசம். பையன் நாலு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, ஐந்தாவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டான்.