‘சும்மா பார்மாலிட்டிதான்’: வீட்டுக்காரர் புது ஒப்பந்தம் நீட்டும்போது செய்யக் கூடாதவை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு லோயர் ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலை எனக்கு. வாடகை ஒப்பந்தங்களை டைப் செய்வது, ஸ்டாம்பிங்குக்கு அனுப்புவது, அதே ஒப்பந்தங்கள் சண்டையாகித் திரும்பி வந்தால் பழைய பைலைத் தேடி எடுத்துக் கொடுப்பது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்து, சுங்கை டுவாவிலும் பாயான் பாருவிலும் வீடு பிடிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, அந்த வயதில் நாங்கள் அடித்த கூத்தையே இவர்களும் அடிப்பது தெரிகிறது. வருகிறவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். போடுவதற்கு முதல் நாள் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை.

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், ரசீது வாங்குங்கள், வீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் வைக்க வேண்டும். மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. வரும் வரும் என்று பல வருடமாகப் பேச்சு மட்டும் நடக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 1950, தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, சிவில் சட்டம் 1956 என்று அங்கங்கே சிதறிக் கிடப்பதைப் பொறுக்கித்தான் உங்கள் உரிமையைக் காட்ட வேண்டும். அதனால் உங்களிடம் இருக்கும் பெரிய ஆயுதம் சட்டப் புத்தகம் அல்ல, நீங்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் ஒப்பந்தம். அதைக் கைவிட வைக்கத்தான் புதிதை நீட்டுகிறார்கள்.

ஒப்பந்தக் காலம் ஓடும்போதே “போட்டுத்தான் ஆகணும்” என்று நம்புவது

2 வருட ஒப்பந்தம், இப்போது 10ஆம் மாதம் என்றால், புதிதாக எதிலும் கையெழுத்துப் போடும் கடமை உங்களுக்கு இல்லை. வாடகையை ஒருதலையாக ஏற்றவும் முடியாது. ஒரே விதிவிலக்கு, பழைய ஒப்பந்தமே அதற்கு இடம் கொடுத்திருந்தால்தான். சிலவற்றில் “2 மாத நோட்டீஸ் கொடுத்து இரு தரப்பும் முடித்துக்கொள்ளலாம்” என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீராப்பாகப் பேச வேண்டும்.

“வெள்ளிக்கிழமைக்குள் சைன் பண்ணணும்”

அது ஏஜண்டு வைத்த கெடு. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை.

பழைய ஒப்பந்தத்தைப் புதிது விழுங்குவதைக் கவனிக்காமல் விடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இதுதான். வாடகை ஏறினால் எல்லாரும் விழித்துக்கொள்வார்கள். வாடகை ஏறாத புது ஒப்பந்தம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த ஒரு தம்பி. சுங்கை டுவாவில் ஒரு பிளாட், மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்), 2 வருடம், விரும்பினால் அதே வாடகையில் இன்னொரு வருடம் தொடரலாம் என்ற உரிமையும் எழுத்தில் இருந்தது. நல்ல ஒப்பந்தம். ஒரு வருடம் ஆவதற்குள் வீட்டுக்காரரின் மகன் வந்தார். “அப்பாவுக்கு முடியல தம்பி, இனி எல்லாம் நான்தான் பாக்குறேன். என் பேருக்கு அக்ரிமென்ட் மாத்திக்கலாம். வாடகை அதேதான், ஒண்ணும் இல்ல லா, சும்மா பார்மாலிட்டிதான்.” மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் கையெழுத்து முடிந்துவிட்டது. ‘ரத்து பண்ணணும்’ என்று பழைய பிரதியையும் வாங்கிக்கொண்டார்.

அந்தப் புது ஒப்பந்தத்தை நான் பிறகு வரி வரியாகப் படித்தேன். 4 இடங்களில் அடி.

ஒன்று, ஒப்பந்தக் காலம் 1 வருடம் மட்டும். தொடரும் உரிமை காணாமல் போயிருந்தது. இரண்டு, “குடியிருப்பவர் கையெழுத்திடும்போது 2 மாத வாடகையை டெபாசிட்டாகச் செலுத்த வேண்டும்” என்று இருந்ததே தவிர, ஏற்கெனவே பெறப்பட்டது என்று எங்கும் இல்லை. மூன்று, “இன்றைய தேதியில் வீடு நல்ல நிலையில் இருப்பதைக் குடியிருப்பவர் ஒப்புக்கொள்கிறார்.” முதல் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், குளியலறையில் 3 ஓடு வெடிப்பு, பின் அறைக் கூரையில் நீர்க்கறை என்று வீட்டுக்காரரே கையெழுத்திட்ட பட்டியல் இருந்தது. ஒரே வரியில் அதெல்லாம் தம்பி தலையில் விழுந்துவிட்டது. நான்காவதுதான் கழுத்தில் கத்தி: “இதற்கு முந்தைய எல்லா ஒப்பந்தங்களுக்கும் பதிலாக இது அமையும்.”

ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். இரு தரப்பும் சம்மதித்துப் பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதிது போட்டால், பழையதை இனி யாரும் நிறைவேற்ற வேண்டியதில்லை. வாடகை மாறவில்லையே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது, மீதி எல்லாம் மாறியிருக்கும்.

வீட்டைக் காலி செய்தபோது மகன் சொன்னது: “டெபாசிட் என்கிட்ட தரலயே தம்பி, அப்பாவக் கேளுங்க.” அப்பா சொன்னது: “அக்ரிமென்ட் அவன் பேர்லதான இருக்கு.” செக்யூரிட்டி டெபாசிட் 1,800, யூட்டிலிட்டி டெபாசிட் 450, ஆக மொத்தம் 2,250 வெள்ளி அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் ஆவியாகிவிட்டது. நல்ல காலம், பணம் வங்கி வழியாகப் போயிருந்தது. பழைய ஸ்டேட்மெண்டைத் தோண்டி எடுத்தோம். அதற்குள் ஓடும் கூரையும் கணக்கில் வந்து, கடைசியில் 900 வெள்ளிக்குச் சமாதானம் ஆனார். வழக்குப் போட்டிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். லீவு போட்டு அலைய அவரால் முடியவில்லை. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் கணக்குப் போடுவதும் அதைத்தான்.

இன்னொரு கேள்வியை அவர் கேட்கவே இல்லை: மகனுக்கு அந்த வீட்டில் என்ன உரிமை? கிராண்ட் (சொத்துரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். தனி கிராண்ட் இன்னும் வராத பிளாட் என்றால், வாங்கிய ஒப்பந்தத்தின் நகலையோ மாநகர் மன்றத்தின் சுக்காய் பிந்து (வீட்டு வரி) பில்லையோ காட்டச் சொல்லுங்கள். பெயர் வேறாக இருந்தால், உரிமையாளர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் வேண்டும். கேட்டால் கோபப்படுவார்கள். படட்டும்.

சரி, உண்மையிலேயே ஏதோ ஒன்றை மாற்ற வேண்டியிருந்தால்? முழு ஒப்பந்தத்தையும் மாற்றாதீர்கள். ஒரு பக்கத்தில் சப்ளிமெண்டல், அதாவது பழையதோடு சேரும் துணை ஒப்பந்தம், போடச் சொல்லுங்கள். எங்கள் ஆபீசில் அதற்கு ஆகும் நேரம் அரை மணிகூட இல்லை. சாரம் இவ்வளவுதான்:

“இந்தத் தேதியிட்ட வாடகை ஒப்பந்தம் தொடர்ந்து அமலில் இருக்கும். இனி வாடகையை இன்னாரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். அந்த ஒப்பந்தத்தின்படி பெறப்பட்ட 1,800 ரிங்கிட், 450 ரிங்கிட் டெபாசிட்டுகள் அப்படியே தொடர்கின்றன. மற்ற விதிகள் எதுவும் மாறவில்லை.”

இதை மறுத்து, முழுப் புது ஒப்பந்தம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவருக்கு, வெறும் பார்மாலிட்டியைத் தாண்டி ஏதோ தேவைப்படுகிறது.

ஒரிஜினலைத் திருப்பிக் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

“இப்போ போட்டுடுவோம், கட்டாயப்படுத்தினாங்கன்னு பிறகு சொல்லிக்கலாம்”

சொல்லலாம். எடுபடுவது கஷ்டம். ஒப்பந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் கட்டாயப்படுத்துவது என்றால், குற்றவியல் சட்டம் தடுக்கும் ஒரு காரியத்தைச் செய்வது அல்லது செய்வேன் என்று மிரட்டுவது, இல்லையென்றால் உங்கள் சொத்தைச் சட்டத்துக்கு விரோதமாகப் பிடித்து வைப்பது அல்லது பிடித்து வைப்பேன் என்பது. “அடுத்த வருசம் வீடு தர மாட்டேன்” என்பது அதில் சேராது. ஏஜண்டு ஒரே நாளில் பத்து முறை கூப்பிட்டதும் சேராது. ‘உதைப்பேன்’, ‘சாமானை வெளியே விடமாட்டேன்’ என்ற ரகம் என்றால் பேசலாம். அப்படி நடந்திருந்தாலும் ஒப்பந்தம் தானாகச் செல்லாமல் போய்விடாது. நீங்கள்தான் அதை மறுக்க வேண்டும். புது வாடகையை 6 மாதம் அமைதியாகக் கட்டிவிட்டு ஏழாவது மாதம் மறுத்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் அதே வாரத்தில் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

கோபத்தில் வாடகையை நிறுத்துவது

வீட்டுக்காரர் காத்திருப்பதே இதற்குத்தான். அதுவரை நியாயம் உங்கள் பக்கம். நிறுத்திய நாளிலிருந்து பாக்கிக்காரர் நீங்கள். டிஸ்ட்ரெஸ் சட்டம் 1951இன்படி கோர்ட் வாரண்ட் வாங்கி, 12 மாதம் வரையிலான பாக்கிக்காக வீட்டிலுள்ள சாமான்களை பெய்லிப் (கோர்ட் அமீனா) மூலம் ஜப்தி செய்து விற்க வழி இருக்கிறது. வாரண்ட் எடுப்பது உங்களுக்கு முன்கூட்டித் தெரியக்கூட வேண்டியதில்லை. பழைய வாடகையை, பழைய தேதியில், பழைய கணக்கில் போட்டுக்கொண்டே இருங்கள். திருப்பி அனுப்பினால் அதற்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பூட்டை மாற்றிவிடுவேன் என்றதும் மூட்டை கட்டுவது

ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் 1950, பிரிவு 7(2). ஒப்பந்தம் முடிந்திருந்தாலும், நீங்கள் வீட்டில் இருக்கும்வரை கோர்ட் வழியாகத்தான் உங்களை வெளியேற்ற முடியும். பூட்டு மாற்றுவது, எக்சஸ் கார்டை முடக்குவது, தண்ணீரை வெட்டுவது எல்லாம் கோர்ட்டைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழி. மிரட்டல் வாட்சாப்பில் வந்தால் அழிக்காதீர்கள். போலிஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். “இது சிவில் கேஸ்” என்று பாலாயில் (போலிஸ் நிலையத்தில்) சொன்னாலும் ரிப்போர்ட் நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள், பிறகு உதவும்.

முடிந்துபோன ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வீம்பு பண்ணுவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, ‘அப்படின்னா ஜம்முன்னு உக்காந்துக்கலாம்’ என்று நினைக்கும் ஆள்களும் உண்டு. சிவில் சட்டம் 1956, பிரிவு 28(4): காலம் முடிந்த பிறகும் வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், வீட்டைத் திருப்பித் தரும்வரை இரட்டை வாடகை கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. கோர்ட் இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது என்பது உண்மை. கோர்ட்டுக்குப் போனால் அந்த இரட்டைக் கணக்கு உங்கள் பெயரில் ஏறும் என்பதும் உண்மை. ஒப்பந்தம் முடிந்தவருக்குக் கையெழுத்துப் போடும் கடமை இல்லை, வீடு நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. பேரம் பேச வேண்டிய நேரம் அது.

லெபோ பாசார் பக்கம் வளர்ந்த பெரியவர்கள் சிலர், ‘வாடகையை இஷ்டத்துக்கு ஏத்த முடியாது, சட்டம் இருக்கு’ என்று இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1966, அதுவும் 31 ஜனவரி 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு. 1997இல் ரத்துச் சட்டம் வந்து, 1999 கடைசியோடு அது ஓய்ந்தது. 2000 பிறந்ததும் ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் எத்தனையோ குடும்பங்கள் வாடகை தாங்காமல் கிளம்பியதைப் பார்த்தவர்களே, இன்னும் அந்தச் சட்டம் உயிரோடு இருப்பதுபோல் பேசுவதுதான் வேடிக்கை.

தொடரும் உரிமைக்கான கடிதத்தை மறப்பது

பெரும்பாலும் 2 அல்லது 3 மாதத்துக்கு முன் எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கும். தேதி தவறினால் உரிமை போச்சு.

வீடு விற்கப்பட்டாலும் பழைய ஒப்பந்தம் தானாகக் காக்கும் என்று இருந்துவிடுவது

இங்கே நம் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான். 3 வருடத்துக்கு மேற்படாத வாடகைக்குப் பதிவு தேவையில்லை, வாய்மொழியாகக்கூடச் செய்யலாம். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 213(3)ஆம் பிரிவுப்படி, கிராண்டில் உங்கள் வாடகை உரிமை குறிக்கப்படாவிட்டால், வாங்கும் புது ஆளை அது கட்டுப்படுத்தாது. கட்டணம் கட்டிக் குறித்து வைக்கலாம். 900 வெள்ளி பிளாட்டுக்கு அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

நடைமுறையில், பல நேரம் குடியிருப்பவரோடு சேர்த்தே வீட்டை விற்கிறார்கள். டெபாசிட்டும் விலையில் கழிக்கப்பட்டுப் புது ஆள் கைக்குப் போகும். போனதா என்று பழைய வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். புது ஆள் ஒப்பந்தம் நீட்டினால் டெபாசிட் வரி அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன தம்பியின் கதைதான்.

ஸ்டாம்பிங்கை வீட்டுக்காரரிடம் விட்டுவிடுவது

கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மாதம் 1,000 வெள்ளி என்றால் ஆண்டு வாடகை 12,000. 1 வருடம் வரையிலான ஒப்பந்தத்துக்கு ஒவ்வொரு 250க்கும் 1 வெள்ளி, ஆக 48. 1 வருடத்துக்கு மேல் 3 வருடம் வரை என்றால் ஒவ்வொரு 250க்கும் 3 வெள்ளி, ஆக 144. முன்பு முதல் 2,400க்கு விலக்கு இருந்தது. 2025இலிருந்து அதுவும் இல்லை. ஸ்டாம்ப் இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட் சாட்சியமாக எடுக்காது. பிறகு அபராதத்தோடு கட்டலாம்தான், ஆனால் அவசரத்தில் ஓட வேண்டியவர் நீங்கள்.

தப்பான கதவைத் தட்டுவது

டெபாசிட் வராவிட்டால் நேரே பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு மனு எழுதுகிறார்கள். நிலம், வீடு சம்பந்தப்பட்ட உரிமை வழக்குகள் அங்கே எடுபடாது. வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பார்கள். அது வீடு வாங்கியவருக்கும் மேம்பாட்டாளருக்கும் நடுவில் உள்ள தகராறுக்கு. இரண்டிலும் மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு எங்களிடம் வருகிறவர்கள் உண்டு.

5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட தொகை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம். அதற்கான படிவம் பாரம் 198. லோயர் செலவு இல்லை, நீங்களே பேச வேண்டும். ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மெண்ட், வாட்சாப் பேச்சின் அச்சுப்பிரதி, சாவியைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு சாட்சி, இவ்வளவும் கையில் இருக்கட்டும். பாரத்தில் எதிர்த்தரப்பின் பெயரைக் கேட்கும் இடத்தில், ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திட்டாரோ அவர் பெயரை ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி எழுதுங்கள். “அங்கிள் டேவிட்” என்று ஒருவர் எழுதிக் கொண்டுவந்ததை நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.