வாசனை ஹைப்ரிட் டீ ரோஜா: செடி வாங்குறதுல இருந்து ஜாடில வைக்கிற வரைக்கும் பண்ணக்கூடாத தப்புகள்

"பூ உள்ளங்கை அகலத்துக்கு வருது, கலரும் அருமை, ஆனா மூக்கு கிட்ட கொண்டு போனா ஒண்ணுமே இல்ல." ஹைப்ரிட் டீ ரோஜா வளர்க்குறவங்ககிட்ட நான் அதிகமா கேட்ட புலம்பல் இதுதான். இதுல பாதி பேருக்கு செடி வாங்குன அன்னிக்கே தப்பு நடந்து முடிஞ்சிருக்கும், மீதி பேருக்கு செடியில வாசனை இருக்கு, ஆனா அது வெளிய வர வழி இல்லாம நாமளே ஏதோ பண்ணி வெச்சிருப்போம்.

வாங்குற தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு காம்புக்கு ஒரு பெரிய பூ, நடுவுல கூம்பு மாதிரி எழும்பி நிக்கிற மொட்டு, இதான் ஹைப்ரிட் டீ. இந்த வகைல மொதல் ரோஜான்னு 1867ல பிரான்ஸ்ல வந்த லா ஃப்ரான்ஸ வழக்கமா சொல்வாங்க, அதுக்கே நல்ல வாசனை உண்டு. ஆனா அதுக்கப்புறம் வந்த ஆயிரக்கணக்கான ரகங்கள்ல கலருக்கும் உருவத்துக்கும் ஜாடில ரொம்ப நாள் நிக்கிறதுக்கும்னே தேர்ந்தெடுத்தது நெறைய, அதுல பலதுக்கு வாசனை பேருக்குத்தான் இருக்கும். வாசனை ரகத்தோட பிறவி குணம், உரம் போட்டு வரவைக்க முடியாது. 2015ல சயன்ஸ் இதழ்ல வந்த ஒரு ஆராய்ச்சில பாப்பா மெய்லாண்ட், ரூஜ் மெய்லாண்ட்னு ரெண்டு ரோஜாவ பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தாங்க, முதல்ல சொன்னது வாசனைல தூக்கும், ரெண்டாவதுல வாசனை கிட்டத்தட்ட இல்லவே இல்ல. வாசனை உள்ள பூவோட இதழ்ல நட்எக்ஸ்1ங்கிற ஒரு என்சைமுக்கான ஜீன் மும்முரமா வேலை செய்யுது, இன்னொண்ணுல அது தூங்கிட்டு இருக்கு, ரோஜா வாசனைல முக்கியமான ஜெரானியால் உருவாகுறதுக்கு அந்த என்சைம் தேவை. அதனால "சிவப்பு ரோஜா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்காதீங்க, ரகத்தோட பேர் சொல்லி கேளுங்க. பாப்பா மெய்லாண்ட், மிஸ்டர் லிங்கன், டபுள் டிலைட், ஃப்ராக்ரன்ட் க்ளவுட் இந்த நாலுல எத வாங்கினாலும் வாசனை விஷயத்துல ஏமாற மாட்டீங்க. பூ விரிஞ்ச செடியா இருந்தா முகர்ந்து பாத்துட்டே வாங்குங்க.

இந்த முகர்ந்து பாக்குறதுலயும் ஒரு தப்பு இருக்கு. உச்சி வெயில்ல, இல்ல பூ முழுசா மலர்ந்து இதழ் தளர்ந்த பிறகு போய் முகர்ந்துட்டு வாசனை இல்லன்னு முடிவு பண்ணிடுவாங்க. இதழோட மேல்தோல்ல உருவாகுற எண்ணெய்கள் தான் வாசனை, வெயில் ஏறி காத்தும் அடிச்சா சீக்கிரம் பறந்துடும். காலைல வெயில் லேசா பட்டு காத்து இல்லாம கொஞ்சம் ஈரப்பதமா இருக்குற நேரம், பூ பாதி விரிஞ்ச நிலை, அப்ப குனிஞ்சு பாருங்க, அதே பூவான்னு தோணும்.

இப்ப நான் அதிகமா சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வரேன், ஒட்டு. ஹைப்ரிட் டீ பெரும்பாலும் ஒட்டுச்செடி தான், கீழ வேர் ஒரு காட்டு ரகத்தோடது, மேல நாம கேட்ட ரகம், ரெண்டும் சேர்ற எடத்துல முண்டு மாதிரி கொஞ்சம் வீங்கி இருக்கும். செடி கைக்கு வந்ததும் மொதல்ல அந்த முண்டு எங்க இருக்குன்னு பாத்து வெச்சுக்கங்க. என்கிட்ட ஒரு மிஸ்டர் லிங்கன் இருந்துச்சு, அதோட அடியில ஒரு கிளை கெளம்பி வெளிர் பச்சையா, நேரா, வாரத்துக்கு ஒரு சாண் கணக்கா வளர்ந்துச்சு. செடி நல்லா துளிர்க்குதுன்னு நம்பி அதுக்கு குச்சி நட்டு கட்டி உரமும் குடுத்துட்டு இருந்தேன். ரெண்டு மாசம் போச்சு, அந்த கிளைல ஒரு மொட்டு கூட வரல, பழைய கிளையெல்லாம் சுருங்கி ஒவ்வொண்ணா காய ஆரம்பிச்சுது. அப்புறம் தான் விரலால மண்ண தோண்டி பாத்தேன், அது முண்டுக்கு ரெண்டு விரக்கடை கீழ வேர்ல இருந்து வந்திருந்துச்சு. அதுக்குள்ள லிங்கன் பாதி போயிடுச்சு, காப்பாத்த முடியல, இன்னிக்கும் அத நினைச்சா வருத்தமா தான் இருக்கு.

ஏழு இலை இருந்தா காட்டுக்கிளை, அஞ்சு இருந்தா நல்ல கிளைன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அத நம்பாதீங்க, நல்லா வளர்ற ஹைப்ரிட் டீலயும் ஏழு இலை வரும். எங்க இருந்து கெளம்புதுன்னு மண்ண விலக்கி பாக்குறது ஒண்ணுதான் சரியான வழி. முண்டுக்கு கீழ இருந்து வந்தா கத்தரிக்கோல் வேண்டாம், பிஞ்சா இருக்கும்போதே அடியோட சேத்து கீழ்நோக்கி இழுத்து பிச்சு எடுத்துடுங்க, வெட்டினா அங்க மிச்சம் இருக்குற கண்ணுல இருந்து மறுபடி கெளம்பும். இதுக்கு நேர் எதிர் தப்பும் உண்டு, முண்டுல இருந்தே கருஞ்சிவப்பா, தடியா ஒரு குருத்து வரும், அத காட்டுக்கிளைன்னு நினைச்சு பிச்சு போட்டுடுவாங்க. அடுத்த சில வருஷத்துக்கு நல்ல பூ குடுக்கப்போறதே அந்த குருத்துதான், அது ரொம்ப மிருதுவா இருக்கும், கை பட்டாலே ஒடியும், அத பத்திரமா பாத்துக்கங்க. நடும்போது முண்ட மண்ணுக்குள்ள புதைக்கிறதும் தப்புதான், வெயில் ஊர்கள்ல அது மண்ணுக்கு மேல தெரியணும். மண்ணே உறையுற அளவுக்கு குளிர்ற எடத்துல மட்டும் ரெண்டு இன்ச் கீழ வைப்பாங்க.

வெயில் பத்தி சுருக்கமா: ஒரு நாளைக்கு 6 மணி நேரம் நேரடி வெயில் வேணும், காலை வெயில்னா இன்னும் நல்லது. டபுள் டிலைட்ல அந்த சிவப்பு ஓரமே வெளிச்சம் பட்டாதான் ஏறும், நிழல்ல வெச்சா வெறும் க்ரீம் கலராவே நின்னுடும். தொட்டின்னா குறைஞ்சது 14 இன்ச் ஆழம், அடியில தண்ணி வடிய ஓட்டை. அவ்வளவுதான்.

தண்ணியும் உரமும் தான் அன்பு ஜாஸ்தியாகி தப்பு நடக்குற எடம். சாயங்காலம் வேலை முடிச்சு வந்து செடிய குளிப்பாட்டுற மாதிரி தலையோட தண்ணி ஊத்துவோம், இலை ராத்திரி பூரா ஈரமாவே இருக்கும், கரும்புள்ளி நோய்க்கு காரணமான பூஞ்சை இலைக்குள்ள எறங்குறதுக்கு சுமார் ஏழு மணி நேர ஈரம் போதும். காலைல அடி மண்ணுக்கு மட்டும் ஊத்துங்க, விரல ரெண்டு இன்ச் உள்ள விட்டு பாத்து காஞ்சிருந்தா நல்லா ஆழமா ஊத்துங்க, தினமும் ஒரு டம்ளர் தெளிக்கிறதுல வேர் மேலயே நின்னுடும். அதுவே இலைல வெள்ளைப் பொடி படியுற சாம்பல் நோய்க்கு இலை நனைஞ்சே ஆகணும்னு இல்ல, காத்தோட்டம் இல்லாத மூலைல செடிய நெருக்கி வெச்சாலே வந்துடும்.

நைட்ரஜன் உரத்த அள்ளி போட்டா இலை தளதளன்னு வரும், பாக்க ஆசையா இருக்கும், ஆனா பூ கொறையும், இளசான குருத்த தேடி அசுவினிங்கிற சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி வந்து ஒட்டும். ஒவ்வொரு சுத்து பூத்து முடிஞ்சதும் அளவா குடுங்க, காஞ்ச மண்ணுல குடுக்காதீங்க, மொதல்ல தண்ணி அப்புறம் உரம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரிஞ்சா பசிக்குதுன்னு இன்னும் உரம் போடாதீங்க, பெரும்பாலும் மண்ணோட பிஹெச் (அமில-கார அளவு) ஏறிப்போய் வேரால இரும்புச்சத்த எடுக்க முடியாம இருக்கும். ரோஜாவுக்கு 6ல இருந்து 6.5 வரைக்கும் தான் சவுகரியம். மருந்து அடிக்கிறதுலயும் ஒரு வார்த்தை, வேப்பெண்ணெய்ய வெயில் நேரத்துல அடிச்சா இலை கருகும், விரிஞ்ச பூ மேல அடிச்சா இவ்வளவு பாடுபட்டு வளர்த்த வாசனை போய் வேப்பெண்ணெய் வாடை தான் மிஞ்சும்.

பூ வாடினதும் தலைய மட்டும் கிள்ளி விட்டா அடுத்து வர்ற காம்பு மெல்லிசா வரும், பூவோட எடைய தாங்காது. அஞ்சு இலை சேர்ந்து இருக்குற, வெளிப்பக்கமா பாக்குற கணுவுக்கு கால் இன்ச் மேல வெட்டுங்க, ஆறேழு வாரத்துல அடுத்த பூ வரும். ஆனா முதல் வருஷ செடி, நோய்ல இருந்து தேறுற செடி, இதுக்கெல்லாம் தலைய மட்டும் எடுத்தா போதும், இலைதான் அதுக்கு சாப்பாடு. ஜாடிக்கு வேணும்னு நீள காம்பா வெட்டுற ஆசையையும் அந்த வருஷம் அடக்கிக்கணும். அதே மாதிரி நடு மொட்டுக்கு பக்கத்துல குட்டி மொட்டு வந்தா பட்டாணி அளவு ஆகுறதுக்குள்ள கிள்ளிடுங்க, அப்பதான் அந்த ஒத்தப் பூ அதோட முழு உருவத்துக்கு வரும்.

இனி ஜாடி. இறுக்கமான மொட்டா வெட்டுறது தான் பெரிய தப்பு. மொட்டுக்கு அடியில இருக்குற பச்சை இதழ் கீழ மடங்கி, வெளி இதழ் ஒண்ணு ரெண்டு தளர்ந்த பிறகு வெட்டணும், அதுக்கு முன்னாடி வெட்டினா பல நேரம் விரியாமலே தலை தொங்கிடும், வாசனையும் வராது. காலைலயே வெட்டுங்க, கையில தண்ணி வாளியோட போங்க, வெட்டினதும் உள்ள போடுங்க. தண்ணிக்குள்ள மூழ்குற இலை எல்லாத்தையும் எடுத்துடுங்க, அது அழுகித்தான் தண்ணி கெடுது. சக்கரை மட்டும் போட்டா பாக்டீரியாவுக்கு விருந்து வெச்ச மாதிரி, அதுக்கு பதிலா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ ஜாடிய கழுவி புது தண்ணி ஊத்தி காம்பு நுனிய கொஞ்சம் வெட்டி விடுங்க. பழக்கூடை பக்கத்துல வைக்காதீங்க, பழுக்குற பழத்துல இருந்து வர்ற எத்திலீன் வாயு பூவ சீக்கிரம் உதிர வெச்சுடும். ஃபேன், ஏசி காத்து நேரா படுற எடமும் வேண்டாம்.

அலங்காரத்துல நான் பாக்குற தப்பு, வாசனை ரோஜாவ லில்லி மாதிரி தூக்கலான வாசனைப் பூவோட சேத்து ஒரு பெரிய ஜாடில திணிச்சு அலமாரி உச்சில வைக்கிறது. ரோஜா வாசனை அதுல காணாமலே போயிடும். ஒரே ஒரு பூ, ஒடுங்குன கழுத்து பாட்டில், பூவுக்கு கீழ ரெண்டு கொத்து இலை, நீங்க உக்காந்து படிக்கிற மேசைல முகத்துக்கு நேரா, அது போதும், சின்ன ரூம்னா ஒரு பூவே ரூம நிறைச்சுடும். காம்பு குட்டையா போச்சுன்னா அகலமான கிண்ணத்துல தண்ணி ஊத்தி மிதக்க விடுங்க. வாசனை ரகங்கள் ஜாடில அதிக நாள் நிக்காது, அதுக்காக வருத்தப்படாதீங்க.

வெட்டி கொண்டு வந்த அன்னிக்கே பூ கழுத்த தொங்கப் போட்டா உடனே தூக்கிப் போட்டுடாதீங்க. பெரும்பாலும் காம்புக்குள்ள காத்து அடைச்சு தண்ணி மேல ஏறாம இருக்கும். ஒரு பெரிய தொட்டில தண்ணி எடுத்து, தண்ணிக்குள்ளயே வெச்சு காம்ப ஒரு இன்ச் வெட்டி, பூவோட சேத்து முழு காம்பையும் படுக்க வெச்சு மூழ்க விடுங்க, ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்து பாத்தீங்கன்னா பெரும்பாலும் கழுத்து நிமிர்ந்திருக்கும்.